பேர் சொல்லாத சாமான்

என் வீட்டுக்காரர் செந்தூர்வேலுக்குச் 'சாமான்' என்ற சொல்லே ஆகாது. துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் எங்கள் பலசரக்குக் கடை. "அந்தச் சாமான் அரைக் கிலோ" என்று யாராவது கேட்டால் போதும், "கடை முழுக்கச் சாமான்தான் கெடக்கு, பேரைச் சொல்லுங்க" என்று எரிந்து விழுவார். அப்பேர்ப்பட்ட மனுஷன், எங்கள் குடோனைப் பார்த்துக்கொள்ளும் பிச்சையா அண்ணாச்சியிடம் போனில் குசுகுசுக்கிறார்: "சாமான் வந்துட்டா? கடைக்குக் கொண்டாராதிய. வீட்டுக்குத் தெரியவே கூடாது."

எனக்குச் சுருக்கென்றது. பீடி இலையும் மஞ்சளும் திருட்டுத்தனமாக இலங்கைக்குப் படகேறுகிற கடற்கரை இது. நானோ ஒரு பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு இப்போது நிறைமாசமாக இருக்கிறேன். இந்தப் பிள்ளை வரும்போது அப்பன் ஜெயிலில் இருப்பானா?

"என்ன சாமான்?" என்று கேட்டேன்.

"சாமான்னா சாமான்தான்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். உப்புக்கும் புளிக்கும் பேர் சொல்லத் தெரிந்த வாய்க்கு இது மட்டும் வராதாக்கும்!

மறுநாள் அவர் கடையில் இருந்தபோது ஆட்டோ பிடித்துக் குடோனுக்குப் போனேன். பிச்சையா அண்ணாச்சி வாசலை மறித்தார்.

"உள்ள போவாதிய தாயி, ஒரே தூசியா கெடக்கு."

"குடோன்ல தூசி இல்லாம சந்தனமா கெடக்கும்? தள்ளுங்க அண்ணாச்சி."

அவர் அவசரமாகப் போனை எடுத்தார். மூலையில் தார்ப்பாய்க்கு அடியில் ஒரு கோணி மூட்டை இருந்தது. தையலை அறுத்தேன். உள்ளே கழற்றி வைத்த மரத்தொட்டில், குட்டி மெத்தை, கிலுகிலுப்பை.

போன தடவை ஏழாம் மாசமே தொட்டில் வாங்கினோம்; பிள்ளை தங்கவில்லை. அதிலிருந்து, பிறக்கும் முன்னே பிள்ளைக்கென்று எதையும் வாங்கக் கூடாது, தொட்டில் என்று பேரைக்கூட வாயில் எடுக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுக் கட்டுப்பாடு. ஐயோ, பிரித்துப் பார்த்துவிட்டேனே!

அதற்குள் அண்ணாச்சி சொல்லி என் வீட்டுக்காரர் பைக்கைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"ஏளா, ஏன் பிரிச்ச?"

"கடத்தல்னு நெனச்சேன்."

அவர் சிரிக்கவில்லை. "மனசு கேக்கல, வாங்கிட்டேன். பேரைச் சொன்னா ஏதாச்சும் ஆயிருமோன்னு பயம்."

கோணி ஊசியில் சணலைக் கோத்து, அறுந்த இடத்தைத் தைக்க உட்கார்ந்தார். "நீ ஒண்ணும் பாக்கல, கேட்டியா?"

நான் மூட்டையின் வாயைச் சேர்த்துப் பிடித்துக்கொடுத்தேன்.

"நான் எதையும் பாக்கல. ஆனா கொசுவலை வாங்காம விட்டுட்டிய."