டீ என்று அள்ளிய மண்

நாங்கள் முகாமிட்டிருந்த பள்ளத்தாக்கில் மழை என்ற பேச்சே கிடையாது. பனியாற்றின் முகத்தில் வெயில் பட்டால்தான் ஓடையில் தண்ணீர். அண்டார்டிகாவில் சூரியன் மறையாத கோடைதான். ஆனாலும் அந்த வாரம் மேகம் வந்து குந்திக்கொண்டது.

எங்கள் ஆய்வுக் குழுவின் தலைவி நைரி மணிக்கொரு தரம் வானத்தைப் பார்த்தாள். காய்ந்த பழைய ஓடைப்படுகையில் கருகிய அப்பளம் மாதிரி ஒரு பாசி ஒட்டிக் கிடக்கிறது. இருபது வருஷமாக நீர் காணாத அது செத்துவிட்டதா, தூங்குகிறதா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். அதற்காக மேலே மணல் மூட்டை அடுக்கி ஓடையைப் பழைய வழிக்குத் திருப்பினாள். வந்த நீரோ கொஞ்ச தூரத்தில் சரளைக்குள் காணாமல் போயிற்று. இரண்டு நாளில் ஹெலிகாப்டர் வருகிறது. மூட்டைகளைப் பிரித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். இன்னொரு கோடைக்கு அனுமதி இல்லை.

மறுநாள் காலையில் பாசிக்குப் பக்கத்தில் ஓர் ஈரத் திட்டு தெரிந்தது.

"டோபின், டீயைக் கொட்டினியா?" என்றாள் நைரி.

"மூணு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீயை எவனாவது கொட்டுவானா?"

அங்கே எது சிந்தினாலும் மண்ணோடு அள்ளி, பையில் கட்டி, வெளியே கொண்டுபோயாக வேண்டும். நான் அள்ளினேன். டோபின் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தான்.

"உப்பு கரிக்குது. டீ இல்ல. நான் தப்பிச்சேன்."

"அப்போ எவன் மூத்திர பாட்டில்டா சாஞ்சுது?" என்றேன் நான்.

அவன் துப்பிய வேகம் இருக்கிறதே!

"துப்பினதையும் அள்ளு," என்றாள் நைரி, சிரிக்காமல்.

ஊருக்குத் திருப்பி எடுத்துப்போக மூத்திரம் பிடித்து வைத்திருந்த பாட்டில்களைப் பார்த்தோம். எல்லாம் இறுக மூடியே இருந்தன. திரும்பி வந்தால், நான் அள்ளிய குழியில் மறுபடி ஈரம்.

நைரி மண்டியிட்டு விரலை உள்ளே விட்டாள். வெகுநாள் காய்ந்த படுகையில் முதலில் வரும் தண்ணீர் உப்பைக் கரைத்துக்கொண்டுதான் வரும். ஊருக்கெல்லாம் அவள் சொன்ன பாடம், பதற்றத்தில் அவளுக்கே மறந்துவிட்டது.

"தண்ணி, அடியில உறைஞ்சு கிடக்கற மண்ணு மேல தவழ்ந்து வந்திருக்கு. நாம மேலயே பாத்துட்டு இருந்திருக்கோம்," என்றாள்.

திட்டு மெல்லப் பரந்து பாசியின் ஓரத்தைத் தொட்டது. கறுப்பு இளகி, அடியிலிருந்து செம்மஞ்சள் எட்டிப் பார்த்தது. இலை உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் கருவியை அதன்மேல் வைத்தாள். ரொம்ப நேரம் பூஜ்யம். சாயங்காலம் எண் நகர்ந்தது.

நைரி அழுதாள்.

"நாளைக்குத் தண்ணிய நாமளே நிறுத்தணுமே," என்றான் டோபின்.

"நிறுத்துவோம். திரும்பத் தூங்கட்டும். இனி அதச் செத்துப்போச்சுன்னு எவனும் சொல்ல முடியாது."

பையை அவிழ்த்து, அள்ளிய மண்ணை அந்தக் குழியிலேயே கொட்டினாள். துப்பியதை மட்டும் டோபின் தனிப் பையில் கட்டி ஊருக்கு எடுத்துவந்தான்.