கரி கொட்டும் பொத்தான்

மூன்று மாதம் உட்கார்ந்து செய்த கம்ப்யூட்டர் விளையாட்டு அது. திரையில் ஓரிடத்தில் விரலை வைத்தால் கொதிகலனில் கரி விழும். இன்னோரிடத்தில் வைத்தால் தண்ணீர் ஏறும். இரண்டும் சரியாக அமைந்தால் விளக்கு எரியும். வள்ளூர் அனல்மின் நிலையத்தில் கரி அள்ளிய என் அப்பாவுக்கே, அந்தக் கரி எப்படிக் கரண்டாகிறது என்று ஒருத்தரும் சொல்லித் தந்ததில்லை. அந்த ஆத்திரத்தில்தான் செய்தேன்.

இன்று நான் வேலை பார்க்கும் கும்மிடிப்பூண்டி அறிவியல் கூடத்துக்கு, அதை நடத்தும் அறக்கட்டளையின் செயலாளர் பார்த்திபன் வருகிறார். பிடித்தால் விளையாட்டு இருக்கும். இல்லையென்றால் தூக்கிவிட்டு டிவியில் வீடியோ ஓட்டுவார்கள்.

காலையில் போட்டால், சனியன், யாரும் தொடாமலே கரியைக் கொட்டுகிறது. கொதிகலன் வெடிக்கிறது. மறுபடியும் கொட்டுகிறது. புரோகிராமை வரி வரியாகப் பார்த்தேன், நாலு தரம் அணைத்துப் போட்டேன். இரண்டு மணி நேரம் மண்டை காய்ந்த பிறகுதான் கண்ணில் பட்டது: கரிப் பொத்தான் மேல் கெட்டியாக ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். முந்தாநாள் ஆயுத பூஜை. கண்ணாடி மேல் எது துருத்திக்கொண்டு நின்றாலும் இந்தத் திரைக்கு அது விரல்தான்.

துணியை எடுத்தேன். கை போகவில்லை. போன வருஷம் பூஜை முடிந்த மறுநாள் கம்ப்யூட்டர் மேலிருந்த எலுமிச்சம்பழத்தை ஓரமாக எடுத்து வைத்ததற்கே, ‘ஜெபா சர்ச்சுக்குப் போறவ, அதான்’ என்று இங்கே ஒரு வாரம் பேசினார்கள். பொட்டு வைத்தவர் காவலாளி ஆதிகேசவன். வாசலில்தான் நின்றார். கூப்பிட்டுச் சொல்ல வாய் வரவில்லை. அதற்குள் கார் வந்துவிட்டது.

பார்த்திபன் நின்றபடியே நாலு வெடிப்பைப் பார்த்தார்.

“என்னம்மா இது, தானா வெடிச்சிக்கினே இருக்கு? பசங்க இதுல என்னத்தக் கத்துக்கும்? டிவியே மாட்டிடுங்க.”

“சின்னக் கோளாறுதான் சார்.”

“என்ன கோளாறு?”

கையிலிருந்த துணியை மடித்தேன், பிரித்தேன். டிவி மாட்டச் சொல்லும் தாளில் அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

ஆதிகேசவன் உள்ளே வந்தார். “இன்னாம்மா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?”

திரையில் அவர் வைத்த பொட்டைக் காட்டி எரிந்து விழுந்தேன். அவர் என் கையிலிருந்த துணியை வாங்கி ஒரே தேய்ப்பில் பொட்டைத் துடைத்தார். கரி கொட்டுவது நின்றது.

“இதுக்கா இம்மா நேரம் பேஜார் பட்டுக்கினு இருந்தே? சொல்லியிருந்தா அப்பவே தொடச்சிருப்பேனே. என்னை இன்னான்னு நெனச்சிக்கினு கீறே நீ?”

என்ன நினைத்திருந்தேனோ அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துப்பில்லை.