டீச்சர் வேலையை விட்ட அதியா

ஓசூரில் ஒரு பெண்கள் ஆரம்பப் பள்ளி. மூன்றாம் வகுப்பில் கழித்தல் கணக்கு நடந்துகொண்டிருந்தது. ஒரு சிறுமி சிலேட்டை நீட்டினாள். விடை தப்பு. அதியா டீச்சர் அதைப் பார்த்துவிட்டுச் சரியென்று தலையாட்டினாள். சிறுமி சந்தோஷமாக இடத்துக்குப் போனாள். தப்பு என்பது அதியாவுக்குத் தெரியும். ஆனால் அழிக்கச் சொல்லி, மறுபடி விளக்க வேண்டுமே. அதற்கு மனம் எழவில்லை.

அவள் யாரையும் அடித்ததில்லை, திட்டியதில்லை. மணி அடித்தால் வருவாள், மணி அடித்தால் போவாள். வீட்டில் குழம்பில் உப்பில்லாவிட்டாலும் தெரியாமல் சாப்பிட்டுக் கை கழுவுவாள். அவள் அப்பா குலாம் ரசூல் புளி வியாபாரி. மகள் எஸ்.எஸ்.எல்.சி. தேறியதும், "பொம்பளப் புள்ளைக்கு டீச்சர் வேலைதான் கௌரவம்" என்று பயிற்சிப் பள்ளியில் சேர்த்தார். "சரி அத்தா" என்றாள் அவள். உனக்கு என்ன பிடிக்கும் என்று யாரும் கேட்கவில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒரு சனிக்கிழமை பெங்களூருக்கு அனுப்பிய புளி லோடு மண்டிக்குப் போய்ச் சேரவில்லை. ரசூலுக்குக் காது மந்தம். அதனால் மகளையும் கூட்டிக்கொண்டு தபால் ஆபீசுக்குப் போய் டிரங்க் கால் போட்டார். லைனில் ஒரே இரைச்சல். அதியா ரிசீவரை வாங்கினாள். ஆபரேட்டரிடமும் மண்டிக் கணக்கரிடமும் கன்னடத்தில் பேசினாள். கணக்கர், லாரியை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்து பக்கத்தில் நின்ற கிளீனரிடம் ரிசீவரைக் கொடுத்தார். அவனுக்குத் தெலுங்குதான் வரும். உடனே தெலுங்குக்கு மாறினாள். பதற்றத்தில் அவன் உளறியதை நிதானமாகக் கேட்டு, புரியாத இடத்தை மட்டும் திரும்பக் கேட்டு, அத்திப்பள்ளியில் அச்சு முறிந்து லாரி நிற்கிறது என்பதைத் தெரிந்துகொண்டாள்.

போஸ்ட்மாஸ்டர் சென்னகிருஷ்ணன் கவனித்துக்கொண்டிருந்தார். "இந்த இரைச்சல்ல எனக்கே ஒண்ணும் கேக்காதும்மா. பெங்களூர் எக்ஸ்சேஞ்சுல ஆபரேட்டர் வேலைக்குப் பொண்ணுங்கள எடுக்கறாங்க. நாலு பாஷை தெரிஞ்ச ஆளு கிடைக்கலன்னு சொல்றாங்க. இனிமே ஊருக்கு ஊரு டெலிபோன் வரப்போகுது. எழுதிப் போடேன்" என்றார்.

வழியில் அதியா கேட்டாள். "எழுதிப் போடட்டுமா அத்தா?"

"கண்டவன் பேச்செல்லாம் காதுல விழற வேலை. அப்புறம் உன்னை யாரு கட்டிக்குவாங்க? கையில இருக்கற வேலையப் பாரு."

"சரி அத்தா" என்றாள். திங்கட்கிழமை பள்ளிக்குப் போனாள்.

சில நாள் கழித்து, ரசூலிடம் புளி கொட்டை எடுக்கும் மங்கம்மா அவர் கடைக்கு வந்து ஓரமாக நின்றாள்.

"தப்பா நெனைக்காதீங்க பாய். எம்பொண்ணு ரெண்டு வருசமா உங்க பொண்ணு கிளாசுலதான் இருக்குது. தம்பேரக்கூட நேரா எழுதத் தெரியல. டீச்சரம்மா நல்லவங்கதான், ஒரு சொல்லு சொன்னதில்ல. ஆனா எம்பொண்ணு தப்பா எழுதினாலும் சரிங்கறாங்களாம்."

ரசூலுக்கு முகம் கறுத்தது. வீட்டுக்கு வந்ததும் கேட்டார். "மங்கம்மா சொல்றது நெசமா?"

"நெசந்தான் அத்தா."

"ஒரு அதட்டு அதட்டிச் சொல்லித்தர்றதுக்கு என்ன?"

"அதட்டக்கூட எனக்குத் தோணல அத்தா. புள்ளைங்க முகத்தப் பார்த்தா சுவரப் பார்க்கற மாதிரி இருக்குது. பாவம்னு தெரியுது. தெரிஞ்சும் ஒண்ணும் வரமாட்டேங்குது."

அவள் அழுதிருந்தால் அவர் சமாதானம் சொல்லியிருப்பார். அவள் அழவில்லை. சந்தை நிலவரம் சொல்வதுபோலச் சொன்னாள். அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. மறுநாள் அவரே தபால் ஆபீசுக்குப் போய், விண்ணப்பம் எப்படிப் போடுவது என்று விசாரித்தார்.

பரீட்சையில் தேறி அதியா பெங்களூர் போனாள். அவள் மாமி என்று கூப்பிடும் அத்தை முனவர் பேகம் வீட்டில் தங்கினாள். முதல் வாரத்தில் ஒன்றும் பெரிதாக மாறிவிடவில்லை. சொன்னதைச் செய்தாள், வந்து படுத்தாள். பிறகு ஒரு நாள் மாலை, "காது வலிக்குது மாமி. இன்னைக்கு சேலம் லைன் ரொம்ப மோசம், ஆனா ஒரு டிரங்க் காலக்கூட நான் விடல" என்றாள். அவள் வாயிலிருந்து தானாக இப்படி ஒரு பேச்சு வந்து எத்தனையோ காலமாகியிருந்தது. முனவர் பேகம் எண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்தாள்.

ஓசூர்ப் பள்ளியில் அதியாவின் இடத்துக்கு நாராயணம்மா என்றொரு டீச்சர் வந்தாள். அவள் குரல் தெருவரை கேட்டது. மங்கம்மாவின் மகள் மறுபடி மூன்றாம் வகுப்பிலேயே உட்கார்ந்தாள்.

அந்த வருடக் கடைசியில் புளி விற்க வந்த பாரூர் விவசாயி பெருமாள், மகனை எதில் சேர்ப்பது என்று ரசூலிடம் யோசனை கேட்டார். "தாலுகா ஆபீசுல சேர்த்துட்டா கௌரவம்னு எல்லாரும் சொல்றாங்க பாய்."

ரசூல் தராசுத் தட்டைக் கீழே வைத்தார்.

"மொதல்ல உங்க பையனுக்கு எது நல்லா வருதுன்னு பாருங்க. அதுல எந்த வேலை நாளுக்கு நாள் வளருதுன்னு விசாரிங்க. கௌரவத்த அப்புறம் பார்த்துக்கலாம். நான் எம்பொண்ணப் பார்க்காம ஊரப் பார்த்தேன். ஆகாத வேலையில ஒருத்தர உக்கார வெச்சா அவங்க மட்டும் கெடறதில்ல, அவங்கள நம்பி எதிர்ல உக்கார்றவங்களும் கெடறாங்க. நான் பண்ணின தப்புக்கு மங்கம்மா பொண்ணு ரெண்டு வருசத்தக் குடுத்துட்டு நிக்குது. அத என்னால திருப்பிக் குடுக்க முடியாதுங்க."