மாப்பிள்ளை குளிப்பாட்டினால்

...கழுத்தைப் பிடிங்க, கழுத்தை, என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு குளியலறை வாசலில் நின்றாள் பேராசிரியை, உள்ளே மாப்பிள்ளை சம்மணம் போட்டு உட்கார்ந்து கைக்குழந்தையை முன்கையில் கிடத்தித் தண்ணீர் வார்க்கிறார், ஏதோ பாத்திரம் கழுவுகிற மாதிரி... மகள் இன்று மறுபடி வேலைக்குப் போகிறாள், இவர் நீண்ட லீவு போட்டுவிட்டார், ஏன் என்று கேட்டால் "நீங்கதானே அத்தை பாடம் நடத்துறீங்க" என்று சிரிப்பு வேறு. ஆமாம், நடத்துகிறாள்தான், காலமெல்லாம் தொண்டை வற்ற மானுடவியல் நடத்துகிறாள், ஓர் இனத்தில் தறியில் உட்காருவது ஆண், பக்கத்து இனத்திலோ பெண், மனைவிக்குப் பிள்ளை பிறந்தால் தானும் பத்தியம் இருந்து படுத்துக்கொள்ளும் அப்பன்மார்கூட உண்டு, ஆகவே எது யார் வேலை என்று உடம்பு சொல்வதில்லை, ஊர்தான் சொல்கிறது, எழுதிக்கொள்ளுங்கள்... அதற்காக என் பேத்தி காதில் தண்ணீர் போகணுமா? "விடுங்க மாப்பிள்ளை, நான் பாத்துக்கிறேன்" என்று துண்டோடு சேர்த்துப் பிடுங்கியே விட்டாள், அவ்வளவுதான், குழந்தை வீல் என்றது, தோளில் போட்டால் வீல், மடியில் போட்டால் வீல். மகள் பையை மாட்டிக்கொண்டே ஓடிவந்தாள், "அம்மா, அவர்கிட்ட குடும்மா, அவ அந்தக் கைக்குத்தான் பழகியிருக்கா." "ஏன், என் கையில முள்ளா இருக்கு?" "எனக்கு நேரமாச்சும்மா!" கொடுத்தாள். கப்சிப். மாப்பிள்ளை ஜெயித்த மாதிரி ஒரு பார்வையாவது பார்த்திருக்கலாம், அதுகூட இல்லை, சிரித்தாவது தொலைக்கலாமில்லையா மனுஷன்...

ஈரப் புடவையோடு கூடத்துக்கு வந்தால், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் "ஏன் அழுதா?" என்கிறார் கணவர். ஏன் அழுதாளாம்! மகள் கைக்குழந்தையாக இருந்தபோதும் இதே கேள்வி, இதே பேப்பர், "எனக்குத் தூக்கத் தெரியாது, கீழ போட்டுருவேன்"... அவளும் நம்பினாள், பாவம் அவர் கை அப்படி என்று அக்காவிடம் பரிந்துகூடப் பேசினாள், ஒற்றைக் கையால் பரீட்சைத் தாள் திருத்தி, மற்றக் கையால் தொட்டில் ஆட்டி. அந்தக் கையைத்தான் இப்போது பார்க்கிறாள். கடிகாரம் பழுது பார்க்கிற கை, முடியைவிட மெல்லிய ஸ்பிரிங்கை இடுக்கியால் எடுத்து நடுக்கமில்லாமல் பொருத்துகிற கை, அதற்கா குழந்தை கனம்? கேட்டுவிட வேண்டும், இன்றைக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட வேண்டும்... "என்னங்க, நம்ம பொண்ணை ஒரு தடவையாவது குளிப்பாட்டியிருக்கீங்களா?" பேப்பர் இறங்கியது. "ஒரு தடவை ஆரம்பிச்சேன்" என்றார் அவர், சாதாரணமாக, "நீ வந்து வாங்கிக்கிட்டே." மறுபடி பேப்பர். பொய், சுத்தப் பொய், அப்படி ஒன்று நடந்திருந்தால் அவளுக்கு ஞாபகம் இல்லாமல் போகுமா... போகுமோ?