ஒன்பதுக்குப் பத்து அறைக்கு ஒரு பெட்டி

ஞானசேகரத்துக்கு அறுபது வயதுவரை தனக்கென்று ஒரு கதவு இருந்ததில்லை. கிளிவெட்டியில் பிறந்த வீடு அக்காவின் சீதனத்தோடு போனது. கல்யாணம் முடித்து ஓர்ஸ் ஹில்லுக்கு வந்தால், வந்த வீடு மனைவி குணேஸ்வரியின் பெயரில் இருந்தது. பெண்ணுக்குத்தான் வீடு என்பது இந்தப் பக்கத்து வழக்கம். நல்ல வழக்கம்தான், ஆம்பிளைக்குக் குந்தியிருக்க ஒரு கதிரை கிடைத்தால் போதாதா? துறைமுகத்தில் பாரந்தூக்கிகளுக்கு மின்வேலை பார்த்து முப்பத்திரண்டு வருடம் ஓட்டினார். ஓய்வு பெற்ற அன்று குணேஸ்வரி, "அந்தச் சின்ன அறையை நீங்கள் எடுங்கோ. ஒருத்தரும் கேக்க மாட்டினம்," என்றாள். வீட்டு உறுதிப் பத்திரம் முடித்துக் கையில் தந்ததுபோல அவர் அந்தச் சொல்லை வாங்கி வைத்துக்கொண்டார்.

ஒன்பது அடிக்குப் பத்து அடி அறை. அதற்குள் இருந்து தவில் கேட்க வேண்டும், அதன் கனத்த தொப்பிப் பக்கத்து அடி வயிற்றில் வந்து விழ வேண்டும் என்பது அவருடைய ஆசை. கடையில் விற்கிற, கனத்த சத்தத்துக்கான சப்வூபர் ஒன்றை வாங்கி வைத்துப் பார்த்தார். அறை ஊளையிட்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே மெய்யாகவே கூடம்தான் கோணல். பத்தடி இடைவெளியில் நிற்கிற இரண்டு சுவர்களுக்கு நடுவே ஐம்பத்தாறு ஹேர்ட்ஸ் சத்தம் போய்ப்போய்த் திரும்பிப் பெருகிவிடும். தவிலும் பறையும் இடிமுழக்கமும் ஒரே 'பூம்' ஆகிவிடும்.

அதனால்தான் பாண்ட்பாஸ் பெட்டி என்று முடிவு செய்தார். அதில் ஸ்பீக்கர் வெளியே முகம் காட்டாது. பெட்டிக்குள்ளே நடுப்பலகையில் பூட்டியிருக்கும். பின்பக்கம் காற்றுப் போகாமல் அடைத்த அறை. முன்பக்க அறையிலிருந்து ஒரு பிவிசி குழாய் மட்டும் வெளியே எட்டிப் பார்க்கும். இரண்டு அறைகளின் கொள்ளளவும் குழாயின் நீளமும் சரியாக அமைந்தால் முப்பத்திரண்டு ஹேர்ட்ஸுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட சத்தமே வெளியே வரும். வீட்டறை கத்தத் தொடங்குகிற இடத்துக்கு முன்னமே பெட்டி தணிந்துவிடும்.

கொப்பி நிறையக் கணக்குப் போட்டார். முதல் பெட்டியில் குழாய் பிடிக்கிற இடத்தைக் கழித்தவர், ஸ்பீக்கரின் காந்தம் பிடிக்கிற இடத்தைக் கழிக்க மறந்தார். இரண்டாவதில் குழாய் ஓர் அங்குலம் கட்டை. மூன்றாவதில் நடுப்பலகை அதிர்ந்தது. பலகை வெட்டித் தந்த ஜவ்பர் சிரித்துக்கொண்டே, "ஐயா, இந்த நேரத்துக்கு ஒரு ஊடே கட்டி முடிச்சிருக்கலாம்," என்றான். ஞானசேகரமும் சிரித்தார். அன்றைக்கு வீடு வரும்வரை, சொந்த வீடில்லாத அவரை அந்தச் சொல் குத்திக்கொண்டே வந்தது.

தொடங்கி எட்டாம் மாதம், நான்காவது பெட்டி சரிவந்தது. கதவைச் சாத்திவிட்டு, தவிலைப் போட்டுவிட்டு, மனிதர் அழுதார்.

மூன்று மாதம் அறையை ஆண்டார். பிறகு மகள் நிவேதிகாவுக்குக் கல்யாணம் பேசி வந்தது. வீடு அவள் பெயருக்கு மாறியது. மாப்பிள்ளை கிருஷாந்த் வீட்டிலிருந்தே கொழும்புக் கம்பனி ஒன்றுக்குக் கணினி வேலை செய்கிறவன்; அவனுக்கு ஏசி பூட்ட அந்தச் சின்ன அறை வேண்டும்.

"பிள்ளையளுக்குத்தானே," என்றாள் குணேஸ்வரி. தான் முன்பு சொன்னது அவளுக்கு நினைவிருந்ததோ என்னவோ, அவர் முகத்தை மட்டும் அவள் பார்க்கவில்லை.

இருவரும் குசினிக்குப் பின்னால் சாய்ப்பாக இறக்கிய பத்திக்கு மாறினார்கள். "பெட்டியை விட்டிட்டுப் போங்கோ மாமா, நல்ல பேஸ்," என்றான் கிருஷாந்த். அவரும் விட்டுவிட்டார். அந்தச் சுவர்களுக்கென்று வெட்டிய பெட்டியைப் பத்திக்குள் கொண்டுபோய் என்ன செய்வது, துணி மடித்து வைப்பதா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிருஷாந்த் படம் போட்டிருந்தான். குண்டு வெடிப்பதும் கார் பறப்பதும் பத்திவரை வந்தன. ஞானசேகரம் சோற்றில் கை வைத்தபடி காது கொடுத்தார். ஸ்பீக்கர் தாங்காமல் அடி தொய்ந்து வந்தது. அளவுக்கு மிஞ்சி ஓட்டினால் சாதாரணப் பெட்டி கரகரத்துக் காட்டிக்கொடுக்கும். இந்தப் பெட்டியோ அந்தக் கரகரப்பையும் சேர்த்து வடித்துவிடும். உள்ளே ஸ்பீக்கரின் கம்பிச்சுருள் வெந்துகொண்டிருந்தாலும் முன்னால் இருக்கிறவனுக்குத் தெரியாது. செய்தவனுக்குத்தான் தெரியும்.

எழுந்து கையைக் கழுவிக்கொண்டு போனார். கதவைத் திறந்தார். கிருஷாந்த் அவருடைய கதிரையில் காலை நீட்டிக் கிடந்தான். அவர் வாயெடுக்குமுன், திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமலே, "மாமா, கதவைச் சாத்திப்போட்டுப் போங்கோ, ஏசி போட்டிருக்கு," என்றான்.

அவர் சாத்தினார்.

திரும்பி வந்து மிச்சச் சோற்றையும் சாப்பிட்டார். அரை மணித்தியாலத்தில் சத்தம் நின்றது. பத்திவரை வார்னிஷ் கருகிய மணம் வந்தது.

கூப்பிட்டது நிவேதிகா. அவர் பெட்டியின் பதினாறு திருகாணிகளையும் கழற்றிப் பக்கப் பலகையையும் ஸ்பீக்கரையும் எடுத்தார். சுருள் கரியாகியிருந்தது. கிருஷாந்த் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். "என்ர பிழை மாமா. சத்தத்தைக் கூட்டிப்போட்டன். நீங்கள் எவ்வளவு பாடுபட்டுச் செய்தது எண்டு இவ சொல்லியிருக்கிறா. புதுசு ஒண்டு எடுத்துத் தாறன், அளவைச் சொல்லுங்கோ."

திமிராக ஒரு வார்த்தை பேசியிருந்தால் ஞானசேகரத்துக்கு ஆறியிருக்கும். பாவி மன்னிப்புக் கேட்டுவிட்டான். அந்த ஸ்பீக்கர் இப்போது வருவதில்லை என்று மட்டும் சொன்னார். வேறு ஸ்பீக்கர் என்றால் பெட்டியை முதலிலிருந்து செய்ய வேண்டும். அவனுக்குத் தொலைபேசி அழைப்பு வர, வெளியே போனான்.

நிவேதிகா போகவில்லை.

"படம் ஓடேக்க கதவடியில வந்து நிண்டனீங்கள் என்ன அப்பா?"

"ஓம்."

"எரியப்போகுதெண்டு விளங்கினதோ?"

அவர் ஆணிகளைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். "விளங்கினது."

"பிறகேன் சொல்லேல்ல?"

"கதவைச் சாத்தச் சொன்னவர். சாத்தினனான்."

அவள் கரிந்த சுருளை விரலால் தொட்டுப் பார்த்தாள். "அப்ப அவரில்ல, நீங்கள்தான் எரிச்சனீங்கள்," என்றாள். குரலில் கோபம் இருக்கவில்லை. "என்னட்டையாவது ஒருக்கா அறை வேணுமெண்டு கேட்டனீங்களோ? கேட்டிருந்தா நான் தந்திருப்பனே அப்பா."

கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. வீட்டைப் பெண்பிள்ளையிடம் போய்க் கேட்கிற ஆம்பிளையை அவர் கண்டதில்லை. பக்கப் பலகையைத் திரும்ப வைத்து, வெறும் பெட்டிக்குப் பதினாறு ஆணிகளையும் ஒவ்வொன்றாகப் பூட்டினார்.