வலக்கைக் கடைசியில் தபால் ஆபீஸ்

எங்கள் ஊரில் வடக்கு, தெற்கு எல்லாம் கிடையாது. ஏரியைப் பார்த்து நின்றுகொண்டு இடக்கைப் பக்கம், வலக்கைப் பக்கம் என்போம். முன்னால் இருப்பது தண்ணீர்ப் பக்கம், பின்னால் இருப்பது முதுகுப் பக்கம். கரையை ஒட்டி ஒன்றரை கிலோமீட்டருக்கு ஒரே தெரு, நாற்பத்தோரு வீடு. நட்டநடுவில் பள்ளிக்கூடம். இடக்கைக் கடைசியில் தபால் ஆபீஸ். அதில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு அலமாரி, ஒரு முத்திரை, அப்புறம் நான்.

அந்த ஆபீஸுக்குத்தான் ஒரு நாள் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஒரு தபால் ஆபீஸுக்கும் அடுத்ததற்கும் நடுவே நாலு கிலோமீட்டராவது இருக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் சின்னதைப் பெரியதோடு சேர்த்துவிடுவார்களாம். அதற்கு முன்னால் ஊரின் வரலாறும் புவியியலும் இரண்டு பக்கத்தில் எழுதி அனுப்ப வேண்டும், அதை வைத்துப் புது வரைபடம் போடுவார்கள் என்று இருந்தது.

 அடுத்த ஊர் இடக்கைப் பக்கம், என் ஆபீஸிலிருந்து சாலை வழியாகச் சரியாக மூன்று கிலோமீட்டர். அங்கே தபால் அதிகாரி வேறு யாருமில்லை, என் அக்கா வீட்டுக்காரர். எங்கள் கல்யாணத்துக்கு வந்த அன்றைக்கே, "இதெல்லாம் ஒரு ஊரா?" என்று பந்தியில் கேட்ட மனுஷன். கடிதம் வந்த மறுநாளே போன் செய்துவிட்டார்.

"கவலைப்படாதேம்மா. என் ஆபீஸ்ல அலமாரிக்குப் பக்கத்துல ஒரு மூலை காலியா இருக்கு. உனக்குன்னு ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டுட்டேன்."

நாற்காலி இல்லை, ஸ்டூல். முதுகு சாயக்கூட வழியில்லாத ஸ்டூல். அதில் உட்கார்ந்து அத்தானுக்குக் கவர் ஒட்டிக் கொடுப்பதைவிட ஏரியில் இறங்கி மீன்களுக்குத் தபால் கொடுக்கலாம் என்று தோன்றியது.

தூரத்தில் தோற்றாலும் வரலாற்றில் ஜெயித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். பழமையான ஊர் என்றால் கை வைக்க யோசிப்பார்கள் அல்லவா? பள்ளிக்கூடத்தில் ஊரைக் கூட்டினேன். இந்த ஊருக்கு முதலில் வந்தது யார் என்று கேட்டது என் தப்பு.

படகுக்காரர் எழுந்தார். ஏரி வழியாகத்தான் முதலில் ஆட்கள் வந்தார்கள், ஆகவே கூட்டி வந்தது தன் முப்பாட்டன் என்றார். முடிவெட்டுகிறவர் விடுவாரா? அந்த முப்பாட்டனின் படம் படகுக்காரர் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது, அதில் முகம் மழமழவென்று இருக்கிறது, அப்படியானால் அவருக்குச் சவரம் செய்ய ஒருவர் முன்னாலேயே கரையில் இருந்திருக்க வேண்டும் என்றார். மூன்று நாள் இதே பேச்சு. நான்காம் நாள் படகுக்காரர் தாடி வளர்க்க ஆரம்பித்தார்.

பொறுமை போய், "முதலில் வந்தவர் படகில் வந்தார்" என்று நானே எழுதிவிட்டேன். முடிவெட்டுகிறவர் என்னோடு பேசுவதை நிறுத்தினார். மிச்ச வரலாறு இரண்டே சம்பவம். ஒரு முறை ஏரித் தண்ணீர் பள்ளிக்கூடத்து மூன்றாம் படிவரை வந்தது. ஒரு முறை, வரவில்லை. இதை ஒன்றேகால் பக்கத்துக்கு இழுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

புவியியலுக்கு முக்கால் பக்கம்தான் மீதி. ஊரில் அளவுக் கயிறு வைத்திருப்பது படகுக்காரர் மட்டும். தெருவில் அளந்தால் கோழியும் குழந்தையும் கயிற்றில் சிக்கும் என்று, கரையோரமாகப் படகிலேயே போய் அளந்துவிட்டு வந்து சொன்னார். பள்ளிக்கூடத்திலிருந்து வலக்கைப் பக்கம் இத்தனை அடியில் இது, இடக்கைப் பக்கம் இத்தனை அடியில் அது. நான் வரலாறு எழுதிக் களைத்திருந்தேன், காதில் விழுந்ததை அப்படியே எழுதினேன். அதோடு நின்றிருக்கலாம். தலைமை அலுவலகத்தாருக்குப் புரிய வேண்டுமே என்று, "எங்கள் ஊரில் தண்ணீரைப் பார்த்து நின்றே இடம் வலம் சொல்வோம்" என்று மேலே ஒரு வரி சேர்த்து, முத்திரை குத்தி அனுப்பினேன்.

இரண்டு மாதம் கழித்து தலைமை அலுவலகத்திலிருந்து அளவையர் வந்தார். ஒல்லியான மனிதர், கையில் உருட்டி அளக்கும் சக்கரம், தோளில் புது வரைபடம். மேஜைமேல் விரித்ததும் குனிந்து பார்த்தேன். ஊர் அப்படியே திரும்பிக் கிடந்தது. படகுத்துறை முடிவெட்டும் கடை இருக்க வேண்டிய இடத்தில். முடிவெட்டும் கடை படகுத்துறையில். பள்ளிக்கூடம் நடுவில் இருந்ததால் தப்பித்தது. தபால் ஆபீஸ் வலக்கைக் கடைசியில்.

படகுக்காரரைக் கூப்பிட்டேன். எந்தப் பக்கம் பார்த்து அளந்தீர்கள் என்று கேட்டேன்.

"படகுல உக்காந்து ஊரைப் பாத்துத்தான். தண்ணியப் பாத்துட்டே எப்படிங்க வீட்டை அளக்கறது?"

 மறைத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். ஆனால் அளவையர் என் ஆபீஸுக்குள்ளேயே நின்றுகொண்டு எதை மறைப்பது? நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டு, மனக்கண்ணில் அந்த ஸ்டூலைப் பார்த்தபடி நின்றேன்.

அளவையர் வரைபடத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"அம்மா, இது ஆயிரம் பிரதி அச்சாயிடுச்சு. இதைத் திருத்தணும்னா பதினோரு கையெழுத்து வாங்கணும், எனக்கு ரிட்டையர்மென்டே வந்துடும். வரைபடத்துல இருக்கற இடத்துல ஆபீஸ் இருந்தாப் போதும், நான் டிக் போட்டுடுவேன். ஆபீஸை மாத்த எத்தனை நாள் ஆகும்?"

"மத்தியானத்துக்குள்ள மாத்திடலாம் சார்," என்றேன்.

வலக்கைக் கடைசியில், அளந்த அடி தப்பாமல், ஒரு கட்டடம் இருக்கத்தான் செய்தது. முடிவெட்டுகிறவரின் வாத்துக் கொட்டகை. ஓடிப்போய் அவர் கடை வாசலில் நின்றேன். இரண்டு மாதமாகப் பேசாதவர், ஒரு ஆள் தலையைப் பாதி வெட்டியபடி விட்டுவிட்டு என் கதையை முழுசாகக் கேட்டார்.

"கொட்டகையத் தர்றேன். முதல்ல வந்தது யாருன்னு மாத்தி எழுதிக் குடுங்க."

படகுக்காரர் என் பின்னாலேயே வந்திருந்தார். எல்லாம் தன்னால் வந்த வினை என்று அவருக்கே தெரியும். தாடியைத் தடவிக்கொண்டு ஏரியைப் பார்த்தார்.

"எழுதிக் குடுத்துடுங்க," என்றார். "ஆனா அவரை ஏத்திட்டு வந்தது எங்க படகுன்னு போடுங்க."

அரை நாளில் ஊரே மேஜையைத் தூக்கியது. அலமாரி படகில் வந்தது. வாத்துகள் மட்டும் வெளியேற மறுத்தன. நாங்களும் வற்புறுத்தவில்லை. அளவையர் அத்தான் ஆபீஸிலிருந்து கொட்டகைவரை சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்து, நாலரைக் கிலோமீட்டர் என்று எழுதினார். புதிதாக எழுதிய வரலாற்றை நீட்டினேன். அதையெல்லாம் அங்கே யாரும் படிப்பதில்லை என்று சொல்லி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நல்லவேளை, ஊர்க்காரர்கள் காதில் அது விழவில்லை.

அடுத்த வாரம் அக்கா வந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கி, தெரு முழுக்க அந்த ஸ்டூலைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே வந்தாள்.

"அங்க சும்மாதான் கெடக்குடி. நீயே வச்சுக்கோ," என்று இறக்கி வைத்தாள். அவள் கண்ணில் அப்படி ஒரு சிரிப்பு. இத்தனை வருஷமாக அவள் யார் பக்கம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

மாதக் கடைசியில் அத்தான் வந்தார். கொட்டகைக் கூரை தாழ்வு. குனிந்துதான் நுழைய வேண்டும், குனிந்துதான் நுழைந்தார். மேஜையைப் பார்த்தார், வாத்துகளைப் பார்த்தார், பந்தியில் கேட்ட அதே கேள்வியைக் கேட்க வாயைத் திறந்தார். அதற்குள் ஒரு வாத்து அவர் செருப்பு வாரைக் கவ்விக்கொண்டது.

நான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"வாங்க அத்தான். அலமாரிக்குப் பக்கத்துல உங்களுக்குன்னு ஒரு ஸ்டூல் போட்டு வச்சிருக்கேன்."