கேன்டீனம்மாவின் நாக்கு

கரண்டியில் ஊட்டிய தண்ணீரை மாமியார் துப்பிவிட்டாள். மருமகளின் கையிலும் தலையணை உறையிலுமாகச் சிதறியது.

"உப்பு," என்றாள்.

கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து தாயின் வீங்கிய பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்த நாத்தனாருக்கு, அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்துவிட்டது. "கேட்டீங்களா அண்ணி? வெறும் தண்ணியிலயும் உங்க உப்பு கூடிப்போச்சாம்."

கதவோரம் நின்ற கணவனும் சிரித்தான். சிரிக்காமல் என்ன செய்வான்? பதினாலு வருஷமாக அந்த வீட்டில் ஒரு வேளைச் சாப்பாடுகூட உப்புப் பஞ்சாயத்து இல்லாமல் முடிந்ததில்லை. கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலையின் கேன்டீனில் இருபத்திரண்டு வருஷம் முந்நூறு பேருக்குச் சமைத்தவள் மாமியார். ஊரே அவளைக் கேன்டீனம்மா என்றுதான் கூப்பிடும். ஆவியை முகர்ந்தே உப்பு சரியா என்று சொல்லிவிடுவாளாம். அப்பேர்ப்பட்டவளுக்கு மருமகளாக வந்து வாய்த்தது, அதே ஆலையின் லேபில் தண்ணீரின் உப்பை அளக்கிற பெண். "கடலுக்கே கணக்குச் சொல்றா, ஒரு சட்டிக் கஞ்சிக்கு உப்புப் போடத் தெரியல!" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள் கிழவி.

மருமகள் இன்று சிரிக்கவில்லை. கரண்டியில் மிச்சமிருந்த சொட்டை நாக்கில் விட்டுப் பார்த்தாள். நிஜமாகவே கரித்தது.

கடல் தண்ணீரில் லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் உப்பு. ஆலையின் பம்புகள் அதை நெருக்கிப் பிடித்து மெல்லிய சவ்வுகள் வழியாகத் தள்ளும். உப்பு இந்தப் பக்கமே நின்றுவிடும். அந்தப் பக்கம் போன தண்ணீர் ஊர்க் குழாய்க்கு வரும். சவ்வுக் குழல்கள் ஒன்றோடொன்று சேரும் இடத்தில் வளையல் மாதிரி ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அது கிழிந்தால் போச்சு, கடல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கசியும். கசிந்தால் லேபில் மீட்டரின் எண் ஏறும். தினம் காலையில் அந்த எண்ணைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவதுதான் மருமகளின் உத்தியோகம்.

திங்கட்கிழமை லிட்டருக்கு முந்நூறு மில்லிகிராம் காட்ட வேண்டிய மீட்டர் எழுநூறு காட்டியது. கழுவிவிட்டு மறுபடி அளந்தாள். எழுநூற்றிப் பத்து. ஆலை இன்சார்ஜிடம் ஓடினாள்.

"மீட்டர் பழசும்மா. நேத்து நம்பரையே போடு," என்றார் அவர்.

"ரெண்டு மீட்டர்லயும் பாத்துட்டேன் சார்."

"இப்ப நிறுத்தினா ஊருக்கு மூணு நாள் தண்ணி கிடையாது. அடுத்த வாரம் மேலிடத்துலேர்ந்து வர்றவங்க வந்துட்டுப் போகட்டும், குழலை நானே பிரிச்சுப் பாக்கறேன். எழுநூறுல யாரும் செத்துற மாட்டாங்க."

முந்நூறு என்று எழுதினாள். செவ்வாய்க்கிழமை ஆயிரத்தி நூறு. அன்றைக்கும் முந்நூறு என்றுதான் எழுதினாள். முதல் நாள் பேனாவை இரண்டு தரம் கீழே வைத்து எடுத்தாள்; இரண்டாம் நாள் வைக்கவில்லை. புதன்கிழமை மாமியாருக்கு மூச்சு இளைக்கத் தொடங்கியதும் லீவு போட்டுவிட்டாள். இன்று வெள்ளி. எண் எங்கே போய் நிற்கிறதோ, யாருக்குத் தெரியும்?

மத்தியானம் வீட்டுக்கு நர்ஸ் வந்தாள். மாமியாரின் பாதத்தை விரலால் அழுத்தினாள். குழி விழுந்தது; விழுந்த குழி எழும்பவில்லை.

"போன வாரம் வீக்கம் நல்லா வடிஞ்சிருந்துச்சே! உப்பு ஆகவே ஆகாதுன்னு டாக்டர் ரெண்டு மாசமா தலையால அடிச்சுக்கறாரு. உப்பு சேந்தா உடம்புல நீர் கோக்கும், நெஞ்சு தாங்காது. யாரு குடுத்தது?"

நாத்தனார் மெல்லத் திரும்பி மருமகளைப் பார்த்தாள்.

"கஞ்சி யாரு வைக்கறா?" என்றாள் நர்ஸ்.

"நான்தான். ஒரு கல்லு உப்புகூடப் போடல."

"சத்தியமா அண்ணி?" என்றாள் நாத்தனார். குரலில் சிரிப்பு இல்லை.

"சத்தியமா."

உண்மைதான், போடவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் இந்தப் பழி போய்விடும். ஆனால் இதைவிடப் பெரிய பழி வந்து தலையில் உட்காரும். அவள் வாயை மூடிக்கொண்டு கணவனிடம் போனாள். "கடையில பாட்டில் தண்ணி வாங்கிட்டு வாங்க. சீக்கிரம்."

"குழாயில வருதே, எதுக்கு?"

"வாங்கிட்டு வாங்கன்னா!"

கடையிலிருந்து அவன் போன் பண்ணினான். "முக்குக்கடையில ஒண்ணுகூட இல்லையாம். உங்க இன்சார்ஜ் வீட்டுக்கு மட்டும் நாலு பெட்டி போயிருக்காம். விருந்து ஏதாச்சுமா? பாலத்துக்கு அந்தாண்ட பாத்துட்டு வரேன்."

அவள் கையில் போன் கனத்தது. நர்ஸ் கிளம்பிவிட்டாள். நாத்தனார் துணி மடிக்க உள்ளே போனாள். அறையில் மாமியாரும் அவளும்தான். ஜன்னலுக்கு வெளியே யாரோ குழாயடியில் குடம் நிரப்பும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. போய் மூடிவிட்டு வரலாம் போலிருந்தது. ஊரில் எத்தனை குழாய்களை மூடுவது?

"அடியே," என்றாள் மாமியார். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு எடுக்க வேண்டியிருந்தது. "கஞ்சியில நீ போடல. எனக்குத் தெரியும். என் மக கெடக்கறா, விடு."

மருமகள் கட்டிலருகே வந்து உட்கார்ந்தாள். பதினாலு வருஷத்தில் உப்பு விஷயத்தில் கிழவி அவள் பக்கம் பேசியது இதுதான் முதல் தடவை.

"தண்ணியிலதான்டி உப்பு. நாலு நாளாச் சொல்றேன், ஒரு நாய் கேக்கல. ரெண்டு மாசமா உப்பே படாத நாக்குடி இது. தப்பாது." மணிக்கட்டைப் பிடித்தாள். பிடியில் பலமே இல்லை. "உன் மீட்டரு என்ன சொல்லுது?"

சொல்லியிருக்கலாம். அந்த அறையில் கேட்பதற்கு வேறு ஆளே இல்லை.

"முந்நூறு, அத்தை."

மாமியார் அவளையே பார்த்தாள். பிறகு சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அப்ப என் நாக்குதான் செத்துப்போச்சு," என்றாள்.

அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை. நாலரை மணிக்குக் கணவன் இரண்டு பாட்டிலோடு செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடிவந்தபோது, நாத்தனார் தாயின் தாடையைக் கட்டத் துணி தேடிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில், மாமியாரைக் கட்டிலோடு கொண்டுவந்து கிடத்தியிருந்த கூடம் நிறைய ஆட்கள். கேன்டீனில் கூட வேலை பார்த்தவர்கள், ஆலைக்காரர்கள், தெருக்காரர்கள். மருமகள் சொம்பும் தம்ளருமாக எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தபடி வந்தாள். குழாய்த் தண்ணீர். வாங்கி ஒரு வாய் குடித்தவர்கள் துக்க வீடாயிற்றே என்று ஒன்றும் சொல்லாமல் தம்ளரைக் காலடியில் வைத்தார்கள். ஒரு தம்ளர்கூடக் காலியாகத் திரும்பவில்லை.

இன்சார்ஜ் வந்து கைகூப்பிவிட்டுக் கணவனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "தங்கமான மனுஷி. அவங்க கையால சாப்பிட்ட உடம்புப்பா இது," என்றார். அவர் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது.

"கடைசி நாள்கூட விடல சார் எங்கம்மா," என்றான் கணவன். அழுகையும் சிரிப்புமாக வந்தது அவனுக்கு. "வெறும் தண்ணிய உப்புன்னு துப்பிடுச்சு. மருமகள ஒரு இடி இடிக்காம போக மனசு வரல போல."

நாலைந்து பேர் சிரித்தார்கள். கேன்டீனில் பாத்திரம் கழுவுகிற பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. காலடியில் வைத்த தம்ளரை எடுத்து இன்னொரு வாய் குடித்தார். உதட்டை நக்கிப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்த்தார்.

மருமகள் ஒரு தம்ளரை விளிம்புவரை நிரப்பி இன்சார்ஜிடம் நீட்டினாள்.

"வேண்டாம்மா, வண்டியில இருக்கு," என்றார்.

"குடிங்க சார்."

கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் வாங்கிக்கொண்டார்.

"அத்தை நாக்கு சாகல," என்றாள் அவள். சத்தமாகத்தான் சொன்னாள், கட்டிலில் கிடப்பவளுக்கும் கேட்க வேண்டும் என்பது போல. "திங்கக்கிழமை எழுநூறு. செவ்வாய்க்கிழமை ஆயிரத்தி நூறு. நான்தான் முந்நூறுன்னு எழுதினேன்."

நாத்தனார் கட்டிலோரத்திலிருந்து எழுந்து நின்றாள். கணவனின் வாயில் இன்னும் பாதிச் சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. தெருவில் யாருடைய குடமோ நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

இன்சார்ஜ் தம்ளரைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அவள் சொம்போடு எதிரிலேயே நின்றாள்.